முதல்ல செவுத்தைத் தட்டிப் பாருங்க

எதிர் ஃபிளாட் அங்கிள் புதுசா ஒரு பேட்டரி ட்ரில் வாங்கியிருந்தாரு. பொட்டி பூரா பிட்டு, சாக்கெட்டு, கூடவே ஒரு டார்ச்சு வேற. பேட்டரி மேல கொட்டை எழுத்துல '48 விஎஃப்'னு ஸ்டிக்கர்.

"48 வோல்ட்டும்மா! நம்ம கார்பென்டர் வச்சிருக்குறதே வெறும் 18 தான்"னு அவ்ளோ சந்தோஷமா சொன்னாரு.

ஹால் ஜன்னலுக்கு மேல ஸ்க்ரீன் ராடு மாட்டணும். அதுக்குத்தான் வாங்கினது. மெஷின் கத்துது, பிட்டு சுத்துது, செவுத்துல ஒரு சின்னப் பள்ளம் விழுந்ததோட சரி. அதுக்கு மேல ஒரு நூல் எறங்கல. பிட்டு நுனி சூட்டுல நீலம் பாரிச்சுப் போச்சு.

அங்கிள் மெஷினைச் சந்தேகப்படல. "வயசாயிடுச்சுல்லம்மா, எனக்குத்தான் கையில பலம் இல்ல போல"ன்னாரு.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோவம் இருக்கே!

அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும். காபி போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல அந்த 48-ஐ முடிச்சுடுவோம். அங்கிள் வீட்டுல வச்சே சார்ஜரைத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி பொடி எழுத்துல 'அவுட்புட் 21 வோல்ட்'னு அச்சடிச்சிருக்கு. கதை அங்கேயே முடிஞ்சுபோச்சு.

இந்த மாதிரி மெஷின்ல போடுற லித்தியம் அயான் செல் ஒண்ணு முழுசா சார்ஜ் ஏறினா 4.2 வோல்ட். அதுக்கு மேல ஏத்தக் கூடாது. 21-ஐ 4.2 ஆல வகுங்க. அஞ்சு. அதாவது உள்ள அஞ்சு செல் வரிசையா நிக்குது. வேலை செய்யும்போது ஒரு செல் சராசரியா 3.6 வோல்ட் தரும். அஞ்சுக்கு 18. கார்பென்டர் வச்சிருக்காருன்னு சொன்ன அந்த 'வெறும் 18'ம் இதே அஞ்சு செல் வரிசைதான்!

நெஜமாவே 48 வோல்ட் வேணும்னா 13 செல்லை வரிசையா கோக்கணும். சில எலக்ட்ரிக் சைக்கிள்ல நடுக்கம்பியில நீட்டமா ஒரு பேட்டரி மாட்டியிருப்பாங்களே, அந்த சைசுக்குப் போயிடும். உள்ளங்கையில அடங்குற பேட்டரியில 48 வர வழியே இல்ல. 'விஎஃப்'ங்கிறது எந்த அளவும் கிடையாது. 88 விஎஃப், 128 விஎஃப்னு எல்லாம் ஆன்லைன்ல போட்டு விக்கிறாங்க. அந்த நம்பரைக் கண்ணால கூடப் பாக்காதீங்க. சார்ஜரோட பின்பக்கத்தைப் பாருங்க, போதும்.

(இதுலயே இன்னொரு குழப்பம் தீந்துடும். ஒரு கம்பெனி 18 வோல்ட்டுங்குது, இன்னொண்ணு 20 வோல்ட் மேக்ஸ்ங்குது. ரெண்டும் அஞ்சு செல்தான். முழு சார்ஜை ஒட்டிச் சுமாராச் சொன்னா 20, வேலை செய்யும்போது சராசரியாச் சொன்னா 18. அதே மாதிரி 10.8ம் 12ம் ஒண்ணு, மூணு செல். இது ஏமாத்து இல்ல, ஆளுக்கொரு கணக்கு. 48 விஎஃப் தான் அநியாயம்.)

ஏஎச்-ன்னு (ஆம்பியர் அவர்) போடுறாங்களே, அதுலயும் இதே வேலை நடக்குது. நிறைய பேட்டரியில இருக்குறது 18650ன்னு ஒரு செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதான் அந்தப் பேரு. அது ஒண்ணுல அதிகபட்சம் ஏறக்குறைய 3.5 ஏஎச் தான் அடங்கும். வரிசையா அஞ்சே செல் இருக்குற பேட்டரியில '7.5 ஏஎச்'னு போட்டிருந்தா அதை நம்ப வேண்டாம். எத்தனை செல் இருக்குன்னு பிரிச்சுப் பாக்கவும் வேண்டாம். சமையக்கட்டுத் தராசுல வைங்க. ஒரு செல் 45 கிராமுக்குக் கொஞ்சம் மேல. அஞ்சு செல் பேட்டரி, மேல் கூடெல்லாம் சேத்து 350, 400 கிராம் வரும். பத்து செல்லுன்னா 600-ஐத் தாண்டும். தராசு பொய் சொல்லாது.

சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். அங்கிள் மெஷின்ல நெஜமாவே 48 வோல்ட் இருந்திருந்தாலும் அந்த ஓட்டை விழுந்திருக்காது.

ஏன்னா அவர் தொளைச்சது லிண்டல்.

நம்ம ஊர் வீடுகள்ல ஜன்னல், கதவுக்கு மேல ஒரு காங்கிரீட் பட்டை போகும். தரையில இருந்து ஏழடி உசரத்துல, பல வீட்டுல வீட்டைச் சுத்தியே போகும். கம்பி கட்டி ஊத்தின காங்கிரீட். ஸ்க்ரீன் ராடுக்கு நாம கிளிப் வைக்க நெனைக்குற எடம் சொல்லி வச்ச மாதிரி அது மேலதான் வந்து விழும். கீழ செங்கல்ல வெண்ணெயா எறங்குற மெஷின், ஒரு ஜாண் மேல போனதும் நின்னுடும். மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சு கடைக்குத் தூக்கிட்டுப் போறவங்க எத்தனையோ பேரு.

அதனால யாராவது என்கிட்ட "என்ன மெஷின் வாங்கலாம்?"னு கேட்டா, நான் திருப்பிக் கேக்குற மொதக் கேள்வி: உங்க வீட்டுச் செவுரு என்ன செவுரு?

இதைக் கத்துக்கிட்டது சொந்தக்காரங்க வீடு வீடாப் போய்த்தான். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதனால யார் வீட்டுக்குப் போனாலும் "அக்கா வந்தா இதை மாட்டிக் குடுப்பா"ன்னு ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கும்.

எங்க ஃபிளாட்டு திருச்சியில. சாம்பல் கல், அதான் ஃபிளை ஆஷ் செங்கல். மேல சிமெண்ட் பூச்சு. லிண்டலையும் தூணையும் விட்டுட்டா சாதாரண ஹேமர் ட்ரில்லே போதும்.

தம்பி இருக்குறது சென்னை ஓஎம்ஆர்ல ஒரு பெரிய அடுக்குமாடி. அங்க மிவான். அலுமினிய அச்சை நிறுத்தி, செவுரு, கூரை எல்லாத்தையும் காங்கிரீட்டாவே ஊத்திடுறாங்க. செங்கல்லே கிடையாது. ஒரு காலண்டர் மாட்டக் கூட காங்கிரீட்டைத்தான் தொளைக்கணும். என்னோட ஹேமர் ட்ரில்லை வச்சு அங்க ஒரு ஓட்டை போட்டேன். போட முடியுது, ஆனா ஒடம்பு வெயிட்டு மொத்தத்தையும் குடுத்து அழுத்தணும். பிட்டு ஒண்ணு மழுங்கிப்போச்சு. பத்துப் பதினஞ்சு ஓட்டை போடணும்னா அது சரிப்படாது.

நாத்தனார் வீடு கோயம்புத்தூர்ல. அங்க ஏஏசி பிளாக், லைட் வெயிட் பிளாக்குன்னு சொல்லுவாங்க. உள்ள பூரா காத்துக் குமிழி. செங்கல் எடையில மூணுல ஒரு பங்குதான் இருக்கும். இதுல ஹேமரைப் போட்டா ஓட்டை பெருசாகி, வாய் உடைஞ்சு, ஸ்க்ரூவுக்காக ஓட்டைக்குள்ள சொருகுற பிளக்கு கையோட வந்துடும். ஹேமரை ஆஃப் பண்ணிட்டு சும்மா சுத்த விட்டாலே போதும். சின்ன பேட்டரி ட்ரில்லே அழகா எறங்கும். ஒரு சைசு கம்மியா ஓட்டை போட்டு, ஏஏசிக்குன்னே வர்ற நீளமான பிளக்கைத் தட்டி எறக்கணும். கீசர் மாதிரி கனமானதுக்கு பிளக்கை நம்பாதீங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போல்ட்டு விடணும், இல்லன்னா கெமிக்கல் ஆங்கர்.

அம்மா வீடு தஞ்சாவூர் பக்கம் பழைய வீடு. சுண்ணாம்புச் செவுரு. மேல பூச்சே ரெண்டு விரக்கடை கனம். அங்க ஹேமர் போட்டா பூச்சு பாளம் பாளமாப் பேந்துக்கிட்டு விழும். மெதுவா, ஹேமர் இல்லாம, பூச்சைத் தாண்டி செங்கல் வரைக்கும் போகணும். வெளிய வர்ற தூள் வெள்ளையில இருந்து செவப்பா மாறும் பாருங்க, அதான் அடையாளம். பிளக்கு செங்கல்லுக்குள்ள உக்காரணும். பூச்சுல உக்காந்தா நிக்காது.

பாத்தீங்களா? நாலு வீடு, நாலு செவுரு. ஒரே மெஷினை 'பெஸ்ட்'டுன்னு எப்படிச் சொல்றது?

செவுத்தை முட்டியால தட்டிப் பாருங்க. காங்கிரீட்டு சத்தமே குடுக்காது, விரல்தான் வலிக்கும். ஏஏசி பொத்துப் பொத்துன்னு கேக்கும். சந்தேகமா இருந்தா ஸ்விட்ச் போர்டுக்காக வெட்டின எடத்துல முகப்பைக் கழட்டி (மெயினை ஆஃப் பண்ணிட்டு!) ஓரத்துல பாத்தா செவுரோட கலர் தெரிஞ்சுடும்.

இப்ப மெஷினுக்கு வருவோம்.

கடையில போய் "ஹேமர் ட்ரில் குடுங்க"ன்னா ரெண்டு விதமான மெஷினைக் காட்டுவாங்க. ரெண்டும் வேற வேற ஜாதி. இங்கதான் நிறைய பேரு சறுக்குறாங்க.

ஒண்ணு, இம்பாக்ட் ட்ரில். மேல நான் ஹேமர் ட்ரில்னு சொன்னதெல்லாம் இதைத்தான். உள்ள பல்லு பல்லா ரெண்டு தட்டு. சுத்தும்போது ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எறங்கி டரரரன்னு குலுக்கும். நிமிஷத்துக்கு 40,000 தடவை கூட அடிக்கும், ஆனா ஒவ்வொரு அடியும் பொடி அடி. நாம அழுத்தினாத்தான் அந்த அடியும் செவுத்துக்குப் போகும். செங்கல்லுக்கு அருமையான மெஷின். ஹேமரை அணைச்சுட்டா மரம், இரும்பு எல்லாத்துக்கும் ஆகும்.

இன்னொண்ணு, ரோட்டரி ஹேமர். இதுக்குள்ள ஒரு பிஸ்டன் காத்தை அழுத்தி, அந்தக் காத்து ஒரு இரும்புக் குண்டைத் தள்ளி, அது பிட்டு பின்னாடி போய் நச்சுன்னு அடிக்கும். நிமிஷத்துக்கு 4,000 அடிதான். ஆனா ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு ஜூல். அழுத்தவே வேணாம். நேராப் புடிச்சா போதும், அதுவே தின்னுக்கிட்டுப் போகும். இதுக்கு எஸ்டிஎஸ் பிட்டு போடணும். பின்பக்கம் காடி வெட்டியிருக்கும், தள்ளினா டக்குன்னு மாட்டிக்கும், சாவி வேணாம். 1970-கள்ல பாஷும் ஹில்ட்டியும் சேந்து கொண்டுவந்த முறை அது. இன்னைக்கு எந்தக் கம்பெனி ரோட்டரி ஹேமரா இருந்தாலும் வீட்டு சைசுல அதே பிட்டுதான். ஒரு கம்பெனி பிட்டு இன்னொரு கம்பெனி மெஷின்ல சிக்கில்லாம போகும். (பேட்டரியிலயும் இப்படி ஒரு நல்ல புத்தி இவங்களுக்கு வந்திருக்கக் கூடாதா! அதைப் பத்தி கீழ வர்றேன்.)

தம்பி வீட்டு மிவான் செவுத்துல பக்கத்து வீட்டுல இருந்து ஒரு 20 எம்எம் (காங்கிரீட்டுல அந்த அளவு ஓட்டை வரைக்கும் போடும்) ரோட்டரி ஹேமரை வாங்கி ஓட்டினப்போ எனக்கு வந்த ஆனந்தத்தை எழுத்துல சொல்ல முடியல. காங்கிரீட்டுல 6 எம்எம் ஓட்டை, ஒன்றரை இஞ்ச் ஆழம், ஒரு மூச்சு விடுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கை வலிக்கல. தம்பி பொண்டாட்டி, "அண்ணி, அவ்ளோதானா?"ன்னா. அவ்ளோதான்!

அதனால என் கட்சி இது. லிண்டல், மிவான், கூரையில ஊஞ்சல் கொக்கி, துணி காயப்போடுற கப்பி இதெல்லாம் உங்க லிஸ்ட்டுல இருந்தா, வயர் வச்ச சின்ன ரோட்டரி ஹேமர். 20 எம்எம் போதும், 26 எம்எம் வீட்டுக்கு அதிகம். 800 வாட்டு இழுத்தாலும் நாலு ஆம்பியருக்குள்ளதான், சாதாரண 5 ஆம்ப் பாயிண்ட்டே தாங்கும். செங்கல் மட்டும்தான்னா 13 எம்எம் இம்பாக்ட் ட்ரில். ரெண்டும் வயர் மெஷினாவே வாங்குங்க.

ஏன் வயரு? பேட்டரியில ரோட்டரி ஹேமர் கிடைக்குதே?

கிடைக்குது, நல்லாவும் இருக்கு. நாள் பூரா ஏணியில நிக்குற எலக்ட்ரீஷியனுக்கு அது வரம். ஆனா வீட்டுக்காரங்க நாம வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் செவுத்தைத் தொளைப்போம். வயர் மெஷினை நாலு வருஷம் பரண்ல போட்டுட்டு எடுத்து மாட்டினாலும் ஓடும். பேட்டரி அப்படி இல்ல. சும்மா கிடந்தாலே அதுக்கு வயசாகும்.

அப்புறம் ரிப்பேரு. காந்தி மார்க்கெட் பக்கம் காயில் கட்டுற ஒரு அண்ணன்கிட்ட என் மெஷினைக் குடுப்பேன். கார்பன் பிரஷ் தேஞ்சா மாத்திக் குடுப்பாரு, அதுக்கு ஒரு சாப்பாட்டுக் காசு கூட ஆகாது. ஆர்மேச்சர் எரிஞ்சா புதுசா கம்பி சுத்திக் குடுப்பாரு. ஒருநாள் அவர் கடையில பேட்டரி மெஷின் ஒண்ணு பிரிச்ச மேனிக்குக் கிடந்துச்சு. "இது என்னண்ணே?"ன்னேன்.

"போர்டு போயிடுச்சும்மா. பிரஷ்லெஸ்ஸு. இதுல எனக்குச் சுத்துறதுக்கு ஒண்ணும் இல்ல, கம்பெனிக்குத்தான் போகணும்"னாரு.

நம்ம ஊர்ல ஒவ்வொரு டவுன்லயும் இப்படி ஒரு காயில் கட்டுறவர் இருக்காரு. அது எவ்ளோ பெரிய வசதி! அதை விட்டுட்டு எதுக்குப் போகணும்?

இவ்ளோ சொல்லிட்டு, நான் அதிகமா எடுக்குற மெஷின் எது தெரியுமா?

பேட்டரி மெஷின்தான்.

செவுத்துக்கு இல்ல. ஸ்க்ரூவுக்கு. கட்டில் மாட்ட, மாடுலர் கிச்சன் கதவுக் கீல் இறுக்க, கொசுவலை ஃபிரேம் கழட்ட, மர அலமாரியில ஓட்டை போட. ஒரு கிலோ சுத்தி எடை, 12 வோல்ட் ட்ரில் டிரைவர். வாரத்துக்கு ஒரு தடவையாவது கையில இருக்கும். வயரு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸுன்னு எதுவும் தேட வேணாம். ஸ்டூல் மேல ஏறிட்டு "அந்த பிளக்கைப் போடு"ன்னு கத்த வேணாம்.

அதோட கழுத்துல ஒரு வளையம் இருக்கும், 1, 2, 3-ன்னு நம்பர் போட்டு. அதை நிறைய பேரு தொடுறதே இல்ல. அதுதான் அந்த மெஷினோட உயிரு! எவ்ளோ இறுக்கத்துல நிக்கணும்னு சொல்றது அது. பார்ட்டிகிள் போர்டுல கீல் ஸ்க்ரூ போடும்போது கம்மி நம்பர்ல வச்சு ஆரம்பிங்க. ஸ்க்ரூ உக்காந்ததும் கடகடன்னு சத்தம் குடுத்து நின்னுடும். நம்பரைக் கூட்டி வச்சா ஸ்க்ரூ சும்மா சுத்தி ஓட்டை நார் நாரா ஆயிடும், அப்புறம் அந்த எடத்துல எதுவும் புடிக்காது. ட்ரில் படம் போட்ட எடம் தொளைக்க மட்டும்.

(ஃபர்னிச்சர் மாட்டுறது மட்டும்தான் வேலைன்னா ட்ரில்லே வேணாம். ஒரே செல் போட்ட குட்டி ஸ்க்ரூ டிரைவர் போதும். 2003-ல பாஷ் 'இக்ஸோ'ன்னு கொண்டுவந்த ஜாதி அது. இன்னைக்கு பல கம்பெனியில கிடைக்குது.)

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வருது. இம்பாக்ட் டிரைவர்னு ஒண்ணு குட்டையா இருக்குமே, அது செவுத்துக்கு ஆகுமான்னு. ஆகாது. அது அடிக்கிறது சுத்துற தெசையில. நீள ஸ்க்ரூ, போல்ட்டு இறுக்க அது ராஜா. செவுத்தை முன்னாடி குத்துற வேலை அதுக்குத் தெரியாது.

பேட்டரி ட்ரில்லுங்கிறதே அப்படி ஒண்ணும் புதுசு இல்ல. ஜெர்மனியில ஃபெயின் கம்பெனி கையில புடிக்குற கரண்ட் ட்ரில்லை 1895-லயே செஞ்சுடுச்சு. பிளாக் அண்ட் டெக்கர் வயர் இல்லாத ட்ரில்லை 1961-ல கொண்டுவந்துச்சு. நிலாவுல தொளை போட நாசா எடுத்துட்டுப் போன ட்ரில்லுக்கும் அவங்கதான் வேலை பாத்தாங்க. அங்க பிளக் பாயிண்ட் ஏது! அந்தக் காலத்துல நிக்கல் காட்மியம் பேட்டரி. "முழுசா தீந்தப்புறம் சார்ஜ் போடு"ன்னு பெரியவங்க சொல்றது அந்தக் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல். கொஞ்சம் சுணங்கினாலே நிறுத்திட்டு சார்ஜ் போட்டுடுங்க.

இப்ப பேட்டரியில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். 2 ஏஎச் பேட்டரிக்கும் 4 ஏஎச் பேட்டரிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு மடங்கு நேரம் ஓடும்னு கடைக்காரர் சொல்லுவாரு. அது பாதி பதில்தான்.

18 வோல்ட்டுல 2 ஏஎச்-ன்னா பெரும்பாலும் அஞ்சு செல். 4 ஏஎச்-ன்னா பத்து செல், ரெண்டு ரெண்டா ஜோடி சேத்து அஞ்சு வரிசை. தேர் வடத்தை அஞ்சு பேரு இழுக்குறதுக்கும் பத்து பேரு இழுக்குறதுக்கும் உள்ள வித்தியாசம். கணக்காவே பாருங்க. நல்ல செல் ஒண்ணு 20 ஆம்பியர் குடுக்கும்னு வச்சுக்குவோம். அஞ்சு செல்லுல 18-ஐ 20-ஆல பெருக்கினா 360 வாட். நாலு இஞ்ச் கிரைண்டர் வயர்ல ஓடும்போது 700 வாட் பக்கம் இழுக்கும். அப்ப அஞ்சு செல்லை மாட்டி டைல்ஸ் வெட்டினா எப்படி ஓடும்? மூச்சு வாங்கும், பேட்டரி சுட்டுடும், உள்ள இருக்குற போர்டு கட் பண்ணிடும். அதே மெஷின்ல பத்து செல் பேட்டரியை மாட்டினா வேற மெஷின் மாதிரி ஓடுது. நானே மாத்தி மாத்தி மாட்டிப் பாத்தேன், சத்தத்துலயே தெரியுது.

ஸ்க்ரூவுக்கு இந்த விவகாரமே வேணாம். சின்ன பேட்டரிதான் நல்லது, கை வலிக்காது. கிரைண்டர், ரம்பம், ஹேமர் இதெல்லாம் பேட்டரியில வேணும்னு நீங்க முடிவு பண்ணினா பத்து செல்லுக்குக் கம்மியா யோசிக்காதீங்க.

அடுத்தது, பேட்டரி பத்தி நான் மேல பாதியில விட்டுட்டு வந்த கோவம்.

ஒரு பேட்டரி வாங்கினா, நீங்க வாங்குறது பேட்டரி இல்ல. அந்தக் கம்பெனியோட சம்பந்தம். அடுத்த மெஷினை அதே கம்பெனியில 'சோலோ'வா, அதாவது பேட்டரி, சார்ஜர் இல்லாத வெறும் மெஷினா வாங்கினாத்தான் லாபம். பல செட்டுல ரெண்டு பேட்டரியும் சார்ஜரும் சேந்த விலை, மெஷின் விலையைத் தாண்டிடுது. அதனால மொத ட்ரில்லை வாங்கும்போதே, அதே பேட்டரியில வேற என்னென்ன மெஷின் கிடைக்குதுன்னு பாருங்க. அந்த பேட்டரி தனியா உங்க ஊர்ல கிடைக்குதான்னும் கேளுங்க. 'கிடைக்கல'ன்னா அந்த செட்டே வேணாம்.

ஒரே கம்பெனிங்கிறதையும் நம்பிடாதீங்க. பாஷ்ல நீல மெஷின் 18 வோல்ட் பேட்டரி, பச்சை மெஷின் 18 வோல்ட்டுல மாட்டாது. மக்கீட்டாவுல எல்எக்ஸ்டி-ங்கிறது ஒரு ஜாதி, ஜி-ங்கிறது வேற ஜாதி. ரெண்டும் 18 வோல்ட்தான், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. 12 வோல்ட் மெஷினும் 18 வோல்ட் மெஷினும் எந்தக் கம்பெனியிலயும் பேட்டரியைப் பங்கு போட்டுக்காதுன்னே வச்சுக்குங்க. கடையிலயே மாட்டிப் பாத்து வாங்குங்க. ஐரோப்பாவுல சில கம்பெனிகள் சேந்து, பேட்டரியைப் பொதுவா வச்சுக்குற கூட்டணி போட்டிருக்காங்க. மெட்டாபோ 2018-ல ஆரம்பிச்ச சிஏஎஸ் அப்படி ஒண்ணு. நல்ல காரியம். எல்லாரும் வந்தா இன்னும் நல்லது. போன் சார்ஜருக்கு ஒரே பின்னுன்னு வந்துடுச்சு, இதுக்கு வராதா?

(கடையில என்னைப் பாத்ததும் "சார் வரலைங்களா மேடம்?"னு கேக்குறவங்களுக்கு: சார் வீட்டுல சமைச்சுக்கிட்டு இருக்காரு. மெஷினைக் காட்டுங்க.)

வெளிநாட்டுல இருந்து சித்தப்பா, மாமா கொண்டுவர்ற மெஷின் பத்தியும் சொல்லணும். அமெரிக்காவுல வாங்கின செட்டுன்னா சார்ஜரைப் பாத்துட்டு மாட்டுங்க. பெரும்பாலும் 120 வோல்ட் மட்டும்தான் போட்டிருக்கும். நம்ம 230-ல சொருகினா சார்ஜர் போச்சு. பேட்டரி நல்லா இருக்கும், நம்ம ஊர் சார்ஜர் அதே ஜாதிக்குக் கிடைச்சா பிரச்சினை இல்ல. துபாய், சிங்கப்பூர் சார்ஜர் அப்படியே ஓடும், பின்னு மட்டும் வேற. விமானத்துல தனி பேட்டரியை செக்-இன் பொட்டியில போடக் கூடாது, கையிலதான் எடுத்துட்டு வரணும். 100 வாட் அவர் வரைக்கும் தடை இல்ல. 18 வோல்ட், 5 ஏஎச்-ஐப் பெருக்கினா 90, தாராளமா வரலாம். 6 ஏஎச்-ன்னா 108, ஏர்லைன்ஸ்கிட்ட அனுமதி கேக்கணும். "பெரிய பேட்டரியா கொண்டு வாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தப் பெருக்கலைப் போட்டுடுங்க.

வெயிலு. நம்ம ஊர்ல பேட்டரிக்கு எமன் அதுதான்.

மொட்டை மாடிக்குக் கீழ இருக்குற பரண், கத்திரி வெயில்ல அடுப்பா கொதிக்கும். கார் டிக்கி அதைவிட மோசம். அங்க பேட்டரியை வைக்காதீங்க. நான் பீரோ அடித்தட்டுல துணிக்குக் கீழ வைக்குறேன். ரொம்ப நாள் எடுக்கப் போறதில்லைன்னா முழு சார்ஜ்லயும் வைக்காதீங்க, காலியாவும் வைக்காதீங்க, பாதியில வைங்க. வேலை முடிஞ்சு சூடா இருக்குறப்போ உடனே சார்ஜ்ல போடாதீங்க. ஃபேன் காத்துல ஒரு அரை மணி நேரம் ஆறட்டும். இந்த மூணையும் பண்ணினதுல என் 12 வோல்ட் பேட்டரி இன்னும் தெம்பா இருக்கு.

ஊதிப்போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில போட்டுடாதீங்க. குப்பை வண்டியில நசுங்கினா தீப் புடிக்கும். தூய்மைப் பணியாளர் கையில வெடிக்க நாம காரணமா இருக்கக் கூடாது. 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்குற ஏற்பாடு தயாரிக்குற கம்பெனிங்க பொறுப்பு. சர்வீஸ் சென்டர்ல தைரியமாக் கேளுங்க.

கண்ணாடி, மாஸ்க் இல்லாம காங்கிரீட்டைத் தொளைக்காதீங்க. அந்தத் தூள்ல சிலிக்கா இருக்கு, நுரையீரலுக்கு விஷம். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் பக்கவாட்டுல தொளைக்காதீங்க, வயர் பெரும்பாலும் அப்படித்தான் ஓடும். பாத்ரூம்ல குழாய்க்கு நேர் மேலயும் அப்படியே. ஹேமர் திடீர்னு நின்னு, இரும்புப் பொடி மின்னுச்சுன்னா அது கம்பி. அதோட மல்லுக்கட்டாம ஓட்டையை ஒரு இஞ்ச் தள்ளிப் போடுங்க. கூரையில தொளைக்கும்போது பேப்பர் கப்போட அடியில ஓட்டை போட்டு பிட்டுல கோத்துக்குங்க, தூள் பூரா கப்புலயே விழும். (இதுக்காக என்னைத் தேடி வந்து நன்றி சொன்னவங்க உண்டு!)

ரோட்டரி ஹேமர் வாங்கியே ஆகணும்னு இல்லாதவங்களுக்கு ஒரு வழி. ஸ்க்ரீன் ராடை லிண்டலுக்கு மேல ஏத்தி மாட்டிடுங்க. லிண்டல் பட்டை பொதுவா ஆறு இஞ்ச் கனம்தான், சில வீட்டுல ஒம்பது. அதைத் தாண்டினா திரும்பவும் செங்கல், இம்பாக்ட் ட்ரில்லே போதும். ஸ்க்ரீன் கொஞ்சம் நீளமாத் தைக்கணும், அவ்ளோதான். ரூமும் உசரமாத் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கு. எனக்கு ரொம்பப் பெருமையான வழி. எங்க அசோசியேஷன் மீட்டிங்ல இதைப் பேசி, எல்லாரும் பங்கு போட்டு ஒரே ஒரு 20 எம்எம் ரோட்டரி ஹேமர் வாங்கி வாட்ச்மேன் ரூம்ல வச்சிருக்கோம். நோட்டுல ஃபிளாட் நம்பரை எழுதிட்டு எடுத்துட்டுப் போகலாம். கூடவே ரெண்டு கண்ணாடி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் ஓட்டக் கூடாது, குழந்தைங்க தூங்குற நேரம். பிட்டு மட்டும் அவங்கவங்க வாங்கிக்கணும். 6 எம்எம்-ம் 8 எம்எம்-ம் எஸ்டிஎஸ்-ல ஒவ்வொண்ணு வாங்கி வச்சுக்குங்க, வீட்டு வேலை முக்காவாசி அதுலயே முடிஞ்சுடும்.